நிறுத்தக் கூடாத வரி

சூஃபிப் பாட்டான கவ்வாலி பாடும் எங்கள் குழுவில் நான் பின்வரிசை. முன்னால் இருப்பவர் பாட, நாங்கள் நாலு பேர் வரியைத் திருப்பிச் சொல்லிக் கைதட்டுவோம். ஓய்வு பெறும்வரை தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து முதலுதவி வகுப்பு எடுத்தவனுக்குப் பொருத்தமான வேலைதான். இரண்டிலும் சொன்னதையே சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிறு மாலை, நாங்கள் குடியேறிய வெளிநாட்டு நகரின் லிட்கம் பகுதி மண்டபத்தில் முதல் வரிசையில் என் மச்சான், மனைவியின் தம்பி, இருந்தார். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அதிக நாளாகவில்லை. ஒரு வரி வந்ததும் எழுந்து நின்றார். கண்கள் மூடியிருந்தன. கை நெஞ்சில். உடல் ஆடியது.

கவ்வாலியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வரியைக் கேட்டு ஒருவர் தன்னை மறந்தால், அவர் தெளியும்வரை அதே வரியைப் பாட வேண்டும். பாதியில் விட்டால் உயிர் போய்விடும் என்பார்கள். பாடகர் உற்சாகமாகத் திருப்பிப் பாடினார். சபை உருகியது. நான் மச்சானின் முகத்தைப் பார்த்தேன். வியர்வை ஒழுகியது. உதடு சாம்பல் நிறம்.

"இது பரவசமில்ல, அவருக்கு நெஞ்சு அடைக்குது" என்றேன், பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்த டூங்கபி பகுதியில் இருக்கும் நண்பரிடம். சென்னைக்காரர்.

"சும்மா தட்டுங்க பாய். ரிட்டயர் ஆகியும் ஆபீஸர் புத்தி போகலியே! நிறுத்தினா ஆளு போயிடுவாரு."

மாரடைப்பு வந்தால் என்ன செய்வது என்று எத்தனையோ பேருக்குப் படிப்பித்தவன் நான். ஆனாலும் என் கைகள் தட்டிக்கொண்டே இருந்தன. தட்டிக் கொல்கிறேனா, விட்டால் கொல்வேனா? மச்சான் இடது தோளைப் பிடித்தபோது மேடையிலிருந்து குதித்துவிட்டேன்.

"மச்சான், நெஞ்சு நோவுதா?"

"ஓம்... இருக்க விடுங்க."

கதிரையில் இருத்தி அம்புலன்ஸை அழைத்தேன். சத்தத்தை நிறுத்தச் சொன்னாள் தொலைபேசியில் பேசிய பெண். முடியாது என்றேன். அந்த வழக்கத்தை விளக்க எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

நான் மச்சானோடு ஏறிய அம்புலன்ஸ் ஆஸ்பத்திரியை நெருங்கும்போது போன் அடித்தது. நண்பர்தான். அவர் குரலுக்குப் பின்னால் அதே வரி, அதே கைதட்டல்.

"பாய், கண்ணு தொறந்தாரா? இங்க எல்லாருக்கும் தொண்டை போச்சு. நிறுத்தலாமா?"

மச்சான் அசையாமல் கிடந்தார். இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் பச்சைக் கோடு தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது.

"வேணாம், வேணாம். இன்னும் கொஞ்சம் பாடுங்க" என்றேன்.