பன்றிக் காய்ச்சலும் ஸ்டோர் நைனாவும்

சுகாதார ஆய்வாளர் வந்தால் எங்கும் நாற்காலி போட மாட்டார்கள். தண்ணீர்த் தொட்டியைத் திறந்து கொசுப்புழு தேடுகிறவன், டீக்கடை டம்ளரை முகர்ந்து பார்க்கிறவன், நன்றாக இருக்கிற மனுஷனிடம் காய்ச்சல் உண்டா என்று கேட்கிறவன், இவனை யார் உட்காரச் சொல்வார்கள்? இதே உத்தியோகத்தில் மாட்டிக்கொண்ட சகோதரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பன்றிக் காய்ச்சல் வந்த வருஷம் எனக்குப் புதுவாயல் பக்கம் டூட்டி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி செய்கிற ஒரு ரோலிங் மில் என் தலையில் விழுந்தது. ஒருத்தருக்கு வந்தாலும் மற்றவர்களுக்குப் பரவக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. பட்ட பாட்டைக் கேளுங்கள்.

படத்தில் தகராறு

முதல் வேலை நோட்டீஸ் ஒட்டுவது. மேலே கொட்டை எழுத்தில் 'பன்றிக் காய்ச்சல்', கீழே கொழுகொழுவென்று ஒரு பன்றிப் படம். மில் கேன்டீனில் எல்லார் கண்ணிலும் படுகிற சுவர் ஒன்றுதான் இருந்தது, அதில் ஒட்டிவிட்டுத் திரும்பினேன். கேன்டீனை நடத்துகிறவர் பழவேற்காட்டு காதர் பாய். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். இந்தக் காய்ச்சல் கறி தின்பதால் வருவதில்லை, இருமல் தும்மலில் பரவுவது என்று நான் விளக்கியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, நோட்டீஸைக் கிழியாமல் உரித்து என் கையில் கொடுத்தார்.

"டம்ளர வெந்நீர்ல போடச் சொல்றீங்களா, போடறேன். வாசல்ல சோப்பு வெக்கச் சொல்றீங்களா, வெக்கறேன். ஆனா இந்தப் படத்த என் பிரியாணி அண்டாவுக்கு மேல மட்டும் ஒட்டாதீங்க சார், காய்ச்சலுக்கு முன்னாடி என் யாவாரம் பூடும்."

ஒத்திகை

மில்லின் பாதுகாப்பு அதிகாரி சின்ன வயசு, துடிப்பான பையன். எதையும் ஒத்திகை பார்த்துவிட வேண்டும் அவருக்கு. "காய்ச்சலுக்கும் ஒண்ணு வெச்சிருக்கேன், வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். சங்கு ஊதியது. தீ விபத்துக்கு ஓடிப் பழகிய கால்கள், எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓடி வந்து கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் குவிந்தன. மொத்த ஷிஃப்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது. நடுவில் யாரோ தும்ம, பின்னாலிருந்து ரெண்டு பேர் 'நூறு' என்று வாழ்த்தினார்கள். நான் தலையில் கை வைத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பாத்தீங்களா சார், ஒருத்தர்கூட உடாம எல்லாரையும் ஒரே எடத்துல சேத்துட்டோம்!"

ஆணியில் தொங்கிய மாஸ்க்

மில்லில் சாமான் கொடுக்கிற ஸ்டோருக்குப் பொறுப்பு நைனா. முனிரத்தினம் என்று ஒரு பெயர் உண்டு. ஆந்திர எல்லையோரத்துக்காரர் என்பதால் எல்லாருக்கும் நைனா ஆகிவிட்டார். பழைய கையுறையைக் கண்ணில் காட்டாமல் புதுசு வாங்க முதலாளியாலும் முடியாது. ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு, அலைந்து திரிந்து, பெட்டி பெட்டியாக மாஸ்க் வாங்கி அவரிடம்தான் ஒப்படைத்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்து, ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் போனேன். ஸ்டோர் ஜன்னலோரம் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு மாஸ்க், அதன்மேல் மார்க்கரில் ஒரு நம்பர். வேலை முடித்தவன் ஹெல்மெட்டைக் கழற்றி, கையுறையைக் கழற்றி, மாஸ்க்கையும் கழற்றிக் கொடுக்கிறான். நைனா வாங்கி ஆணியில் மாட்டுகிறார். அடுத்து வந்தவன் அதே மாஸ்க்கை எடுத்து, ஈரம் காய்வதற்குள் மாட்டிக்கொண்டு உள்ளே போகிறான். நான் வாங்கிக் கொடுத்த பெட்டிகளில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் பிரிக்காமல் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தன. நான் ஆணியையும் பீரோவையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இன்னா சார் அப்டி பாக்குற? மாஸ்க்கு ஆளுக்கு இல்ல, மெஷினுக்கு. ஆளு மாறிக்கினே இருப்பான், மெஷினு எங்க போவும்?"

சாவிக் கொத்து

அத்தனை மாஸ்க்கையும் உலையில் போடவைத்தேன். ஆனால் எல்லாம் நைனாவின் கை வழியாகப் போய் வந்தவை ஆயிற்றே. அந்த வாரக் கடைசியில் ஜன்னலுக்குள் இருமல் சத்தம். தொட்டுப் பார்த்தால் நைனாவின் நெற்றி கொதித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் தொண்டையில் பஞ்சு விட்டு எடுத்து கிண்டி பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். மாத்திரை கொடுத்து, தனியாக இருக்கச் சொன்னார். நைனா சிரித்தார். சுக்குக் கஷாயம் குடித்துவிட்டு நாளைக்கு வந்துவிடுவாராம்.

அவர் வீட்டில் ஒரே அறை. அதில் மகள் கோமதி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், எட்டாம் மாதம். அவள் வளைகாப்புச் சாப்பாட்டை நானும் சாப்பிட்டிருக்கிறேன். இந்தக் காய்ச்சல் கர்ப்பிணிகளைத்தான் அதிகம் படுத்துகிறது, அவளுக்கு ஒட்டினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே பயமாக இருந்தது. நைனாவின் சிரிப்பு நின்றுபோனது. இடுப்பிலிருந்து ஸ்டோர் சாவிக் கொத்தை எடுத்தார். கையெழுத்து வாங்காமல் ஒரு ஆணிகூடக் கொடுக்காத மனுஷன், அதை மேஜைமேல் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

"நான் ஊட்டுக்குப் போவல சார். கோமதி கேட்டா நீயே எதனா சொல்லிடு."

தனித் தட்டு

காதர் பாய் கேன்டீனுக்குப் பின்னாலிருந்த அரிசி மூட்டை ரூமைக் காலி செய்து, நைனாவுக்குக் கட்டில் போட்டார். கிண்டியிலிருந்து முடிவு வந்தது. அந்தக் காய்ச்சலேதான். அன்றிலிருந்து என் காலை வேலை கோமதிக்குச் சூடு பார்ப்பது. போகிற வழியில் சிறுவாபுரி முருகனிடம் ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான் போவேன். பாதரசம் ஏறாமல் நிற்கும்போதெல்லாம் நிம்மதியில் அழுகை வரும். அவள் தினமும் அப்பாவைப் பற்றிக் கேட்பாள், கொழுத்துப் போய்விட்டார் என்று சொல்வேன்.

அது முழுப் பொய்யுமில்லை. வேளாவேளைக்கு நோன்புக் கஞ்சி, ஆணம் என்று பாய் சொல்கிற குழம்பு, அவித்த முட்டை என்று கதவோரம் வந்து உட்காரும். சாப்பிட்ட தட்டைக் கழுவி, திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லி உள்ளேயிருந்து நைனா கத்துவார். திருப்பி வாங்காத பொருள் அவருக்கு உறுத்தும். பாய் எட்ட நின்றபடியே பதில் சொன்னார்.

"வெச்சுக்க நைனா. தட்டு ஆளுக்குத்தான், மெஷினுக்கு இல்ல."

பேத்தி

கோமதிக்குக் கடைசிவரை காய்ச்சல் வரவில்லை. நைனா தேறி வேலைக்குத் திரும்பிய பிறகுதான் பிரசவம். பெண் குழந்தை. என் சொந்த வீட்டு விசேஷம் போல எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். வார்டு வாசலில் நைனா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், முகத்தில் மாஸ்க், புதுசு. பக்கத்தில் வாளி, சோப்பு. ஒவ்வொருத்தராகக் கை கழுவவைத்து உள்ளே விடுகிறார். என் முறை வந்தது. ஹைவேயில் லாரிப் புழுதி தின்றுகொண்டு வந்த தொண்டை, அந்த நேரம் பார்த்து இருமியது. நைனா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கையை நீட்டிப் பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"இருமறவங்களுக்குக் கொயந்த ஸ்டாக் இல்ல சார். அடுத்த வாரம் வா."

ஊரையெல்லாம் எட்டி நிற்கச் சொல்லித் திரிந்த என் பேச்சை முழுசாகக் கேட்ட ஒரே மனுஷன் நைனாதான், அதனால் அன்றைக்கு என் வெற்றியை நான் வாசலுக்கு வெளியே நின்றே கொண்டாட வேண்டியதாயிற்று.