சுபாங் ஜெயா வரைக்கும்

என் மகள் கைபேசியில் கொரிய மொழி படிக்கிறாள். சாயங்காலமானால் பாடம் பாக்கி என்று அது கூப்பிடும். இவள் ஒரு தட்டுத் தட்டி அதன் வாயை அடைத்துவிடுவாள். திட்ட எனக்கு வாய் வருவதில்லை. நானும் அந்த ரகம்தான். மலாய்ப் பள்ளியில் படித்துவிட்டு, வேலைக்குப் போன பிறகு தமிழ் எழுத்தோடு மல்லுக்கட்டியவன்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்குச் சர்க்கரையில் கண் போய்விட்டது. தமிழ்ப் பேப்பர் இல்லாமல் காலையில் காப்பி இறங்காத மனுஷி. "நீ படிச்சுக் காட்டுடா" என்றார். எனக்கோ ஆனா ஆவன்னாவுக்கு மேல் ஓடாது. அம்மா பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அன்று ரயிலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்கு அப்போது என்னோடு ரயிலில் வந்துகொண்டிருந்தவள் லெட்சுமி. முகம் சீன முகம். கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு தமிழ்க் குடும்பம் எடுத்து வளர்த்து, தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும், "சுபாங் ஜெயா வரைக்கும் படி. அப்புறம் தூங்கு, யாரு கேட்டா?" என்றாள். சுபாங் ஜெயா பாதி வழியில் வரும் ஸ்டேஷன். அவ்வளவுதான் எங்கள் கால அட்டவணை. மழை பெய்தாலும் ரயில் வழியில் நின்றாலும், சுபாங் ஜெயா வரும்வரை விடமாட்டாள். டிமிக்கி கொடுத்தால் அவள் கொண்டுவரும் தேங்காய்ப்பால் சோற்றில், அந்த நாசி லெமாக்கில், எனக்குப் பங்கு கிடையாது. அதோடு வரும் மிளகாய்ச் சம்பல் வாசம் இருக்கிறதே, எப்பேர்ப்பட்ட சோம்பேறியையும் எழுப்பி உட்கார வைத்துவிடும்!

பாடம் எது தெரியுமா? மரண அறிவிப்புப் பக்கம். வந்த சொற்களே திரும்ப வரும், எழுத்தும் பெரிது. நான் "ஆழ்ந்த... இரங்கல்..." என்று சத்தமாக இழுக்க, எதிரே இருந்த ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழுவாத தம்பி. யாரு, அப்பாவா?"

லெட்சுமி சன்னல் பக்கம் திரும்பிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஆன்டி அதையும் அழுகை என்று நினைத்து அவளுக்குக் கைக்குட்டை நீட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா முன்னால் பேப்பரை விரித்தேன். செத்தவர்களை மூச்சுவிடாமல் வாசித்தேன். "நல்லாத்தான் படிக்கிற. உயிரோட இருக்கிறவங்க பக்கத்தையும் கொஞ்சம் படி லா" என்றார் அம்மா. தலைப்புச் செய்தியில் தடுக்கி விழுந்து, எழுந்து, ஒருவழியாக முடித்தேன். அம்மாவின் காப்பி அப்படியே ஆறிக் கிடந்தது.

அதன் பிறகு தினமும் வாசித்தேன். எல்லாச் செய்தியையும் அம்மா முன்னமே ரேடியோவில் கேட்டுவிடுகிறார் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

"அப்புறம் ஏம்மா என்னைப் படிக்கச் சொல்றீங்க?"

"ரேடியோக்காரன் என் பிள்ளையா?"

லெட்சுமி கல்யாணமாகி ஜொகூர் போய்விட்டாள். எங்கிருந்தாலும் அவள் நன்றாக இருக்க வேண்டும். அவள் கொடுத்ததுதான் இந்தத் தமிழ். அம்மாவும் இப்போது இல்லை. காலையில் பேப்பர் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. ஓர் எழுத்தும் தடுக்குவதில்லை. மனதுக்குள்ளேயே படித்து முடித்துவிடுகிறேன்.