மழை நாளில் போடும் ஊசி

யோகன் அண்ணன் விடியற்காலையில் நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அடுத்த மழைக்குச் செபஸ்திக்கு யார் ஊசி போடுவது என்றுதான் யோசித்தேன்.

அண்ணனோடு வேலை செய்தவர்களுக்குச் செபஸ்தியைத் தெரியும். பெரியகல்லாற்றுப் பாலத்தடியில் படுப்பவர். காதில் குரல்கள் கேட்கும்; கசிப்புச் சாராயமும் குடிப்பார். உளநல கிளினிக்கில், குடியை விட்டுவிட்டு வா என்றார்கள். குடிமீட்பு நிலையத்தில், மனதைச் சரிப்படுத்திவிட்டு வா என்றார்கள். இரண்டு கதவுக்கும் நடுவே மனிதர் வருடக்கணக்கில் நின்றார். இதற்குச் சிகிச்சைத் திட்டம் என்று பெயர். கூட்டம் போட்டு, வடை தின்று, அறிக்கை எழுதினோம். நானுந்தான்.

எங்கள் உளநலப் பிரிவின் தாதி உத்தியோகத்தரான அண்ணன் ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு பாலத்தடியில் போய்க் குந்தினார். ஏன் குடிக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை.

"செபஸ்தி, எந்த நாளில நீ குடிக்கிறல்ல?"

"மழை நாளில ஐயா. வெறியில படுத்தா ஆத்துத் தண்ணி இழுத்திட்டுப் போயிரும்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "பாத்தியா மனே, உசிருல ஆசை உள்ள ஆள்!"

குடிவெறியில்லாத நேரத்தில்தான் குரல்களை அடக்கும் மாதாந்த ஊசியைப் போடலாம் என்பது வைத்தியரின் கட்டளை. மாரியில் வானம் கறுத்தால் அண்ணன் மருந்துப் பையோடு கிளம்பிவிடுவார்.

"கிளினிக் செவ்வாய்க்கிழமைதானே?" என்று மேலதிகாரி கத்துவார்.

"மழைக்குக் கிழமை தெரியாதே சேர்."

ஊசி போட்ட மாதங்களில் குரல்கள் அடங்கின, குடியும் குறைந்தது. வெயில் மாதங்களில்தான் ஊசி தவறிப்போகும், குரல்கள் திரும்பிவரும். "மழையில்லாட்டி என்ன செய்யிற?" என்று அண்ணனிடம் கேட்டேன். "அதையும் அவனிட்டத்தான் கேக்கணும்" என்றார். வேறு எந்த நாளில் குடிப்பதில்லை என்று ஒவ்வொரு முறையும் செபஸ்தியிடம் கேட்டார். செபஸ்தி யோசித்துச் சொல்வதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் மழை. புதிய தாதியைக் கெஞ்சிக் கூட்டிப் போனேன். செபஸ்தி நிதானமாக உட்கார்ந்திருந்தார்.

"ஐயா வரல்லையா?"

சொன்னேன். சட்டைக் கையை அவரே சுருட்டிவிட்டார். ஊசி போட்டு முடிந்ததும் சொன்னார்.

"கடலில கரைவலை இழுக்கிற நாளிலயும் நான் குடிக்கிறல்ல தம்பி. வெறியெண்டா கயித்தத் தொட உடமாட்டாங்க. ஐயாட்டச் சொல்ல இருந்தன்."

அவருடைய கிளினிக் அட்டையில், அண்ணன் 'மழை' என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே, 'கரைவலை' என்று எழுதினேன். மேலதிகாரி கத்தட்டும். அண்ணனுடைய கேள்வி என்னிடம் இருக்கிறது. அவர் காதில் விழாமல் போன பதிலும் இருக்கிறது.