பேட்டரி இல்லாத போன்

நீல நிறத்தில் ஒரு மூக்கு. அதற்குக் கீழே அசையும் உதடுகள். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள்...

எத்தியோப்பியாவிலிருந்து வீடியோ காலில் பேசும்போது அம்மாவின் முகம் எங்களுக்கு இப்படித்தான் தெரியும்.

அப்போது நான் ஏழாவது. தம்பி கவினுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. அம்மா தைத்துக்கொண்டிருந்த பனியன் கம்பெனி அங்கே ஒரு யூனிட் ஆரம்பித்தது. அந்த ஊர்ப் பெண்களுக்கு ஓவர்லாக் தையல் மெஷின் பழக்கிக் கொடுக்க எங்கள் ஊர் வீரபாண்டியிலிருந்து சில டெய்லர்களை அனுப்பினார்கள். அம்மாவும் போனார்.

நான் அட்லஸை விரித்து அந்த நாட்டின் மலை, ஆறு, தலைநகரம் எல்லாம் படித்து வைத்தேன். அங்கே பிளக் பாயிண்ட் எப்படி இருக்கும் என்று மட்டும் அதில் போடவில்லை.

சுவருக்குள் வட்டமாகக் குழிந்திருக்குமாம். நம்மூர் சார்ஜரின் சதுரத் தலை அந்தக் குழிக்குள் இறங்காது. போனவர்களில் ஒரே ஒரு அக்காவிடம்தான் அடாப்டர் இருந்தது. ஹாஸ்டல் ஊருக்கு வெளியே. கடைக்குக் கூட்டிப் போகிறோம் என்று கம்பெனியில் சொல்வார்களாம், வண்டிதான் வராது. வேலை நேரத்தில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் அம்மாவின் முறை வருவதற்குள் பாதி நாட்களில் கரண்ட் போய்விடும்.

அதனால் பிரைட்னஸை அடியோடு குறைத்துக்கொண்டு, இருட்டில் உட்கார்ந்து பேசுவார்.

"எல்லாருக்கும் ஒரே அடாப்டருதான் கண்ணு. மொறை வெச்சுப் போட்டுக்கறோம்."

ஒரு நாள் கவின் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொன்னான்.

"அது அம்மா இல்ல. பேயி."

அப்பா சிரித்துவிட்டார். அந்தப் பக்கம் அம்மாவும் சிரித்தார். இருட்டில் பற்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. கவின் வீரிட்டு அழுதான். அதற்கப்புறம் அவன் போன் பக்கமே வரவில்லை.

"என்னைய மறந்துருவானாட்ட இருக்குதுங்க" என்று அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

நான் ஒரு வழி யோசித்தேன். வீட்டு லைட்டை அணைத்துவிட்டு, போன் வெளிச்சத்தை என் முகத்தில் பிடித்துக் காட்டினேன். பாருடா, அக்காவும் இப்படித்தான் தெரிகிறேன் என்றேன். கவின் ரொம்ப நேரம் பார்த்தான். அன்றைக்கு என் பக்கத்தில் படுக்கவும் மாட்டேன் என்றுவிட்டான்.

அம்மா வீடியோவை நிறுத்தினார். இனி குரல் மட்டும். அதற்கும் அவன் வரவில்லை.

பகலில் அவனைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். ஒரு நாள் நான் ஸ்கூல் விட்டு வந்தபோது, கட்டிலுக்கு அடியில் அவன் பேசிக்கொண்டிருந்தான். கையில் பழைய பட்டன் போன். பின்மூடி கிடையாது. பேட்டரி இருக்கும் இடம் காலி.

"ம்... சாப்ட்டேன்."

கொஞ்சம் இடைவெளி.

"அக்கா ஸ்கூலுக்குப் போயிருச்சு."

மறுபடி இடைவெளி. யாரோ ஒருவர் பதில் சொல்லி முடிக்கத் தேவையான அளவு... அப்புறம் அவன் சிரித்தான்.

யாருடா என்று கேட்டேன். அம்மா என்றான்.

வாங்கி என் காதில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஆனால் போன் சூடாக இருந்தது. அவன் கன்னத்துச் சூடு. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

தினமும் பேசினான். ஒரு நாள் போனைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாக்குக் காய்ச்சல்" என்றான். அன்று சாயங்காலம் அப்பாவின் போனில் வந்த அம்மாவின் குரல் கரகரத்தது. நேற்றிலிருந்து காய்ச்சல், நீங்கள் பயப்படுவீர்கள் என்று சொல்லவில்லை என்றார். கவின் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வழியாக அம்மா ஊருக்கு வந்தார். பையைக்கூட இறக்கி வைக்காமல் வாசலிலேயே மண்டியிட்டுக் கைகளை விரித்தார். கவின் அவரையே பார்த்தான். அப்புறம் மெதுவாகக் கட்டிலுக்கு அடியில் போய், பட்டன் போனைக் காதில் வைத்தான்.

"அம்மா... ஊட்டுக்கு யாரோ வந்திருக்காங்க. நீ எப்ப வருவே?"

அம்மாவின் கைகள் விரித்தபடியே இருந்தன.

எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானது. நான் இப்போது பிளஸ் ஒன். கவின் இரண்டாவது படிக்கிறான். அம்மா ஊட்டினால்தான் சாப்பிடுவான். பட்டன் போன் கதையைச் சொன்னால், பொய் சொல்றே என்று என்னை அடிக்க வருகிறான். வீட்டில் எல்லா ரூமிலும் சார்ஜர் இருக்கிறது. அந்த நாட்களில் அம்மாவின் குரலுக்காக நாள் முழுக்கக் காத்திருப்போம். இன்று சமையலறையிலிருந்தே வாட்ஸ்அப்பில் சாப்பிடக் கூப்பிடுகிறார். நான் பார்த்துவிட்டு, அப்புறம் போகலாம் என்று இருந்துவிடுகிறேன்...

போன வாரம் பீரோவை ஒழுங்குபடுத்தும்போது அம்மாவின் கையில் அந்த பட்டன் போன் கிடைத்தது. அதைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். என்னம்மா பண்றீங்க என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு... நான் இல்லாதப்ப அவன் பேசுனதுக்கெல்லாம் யாரோ பதில் சொல்லியிருக்காங்கல்ல. என்ன சொல்லிச் சமாதானம் பண்ணுனாங்களோன்னு..."

முந்தானையால் துடைத்து, அதை எடுத்த இடத்திலேயே வைத்தார்.