நனையாத பலகை

ஜோஸ்பின் வீட்டில் கதவு நிலைக்கு மேலே ஒரு பலகை உண்டு. மாதா படம் வைக்கத்தான் அடித்திருக்கிறாள் என்று தெருவே நினைத்தது. அவள் வைத்ததோ ஒரு கறுப்புப் பெட்டி.

பாகூரை ஒட்டிய காலனியில் பிறந்தவள். அம்மா வேலம்மாள் கரும்பு வெட்டப் போய் மகளை பி.சி.ஏ. படிக்க வைத்தாள். மகள் மூலக்குளத்தில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் முதலாளியின் ஏச்சுப் பேச்சுக்கு நடுவே வேலை பார்த்தாள். அங்கே எடைக்குப் போடக் கிடந்த பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து, ஹார்டு டிஸ்க் செருகி, மூன்று சின்னப் பெட்டிகள் செய்தாள். ஒன்றில் போடுகிற ஃபைல் இன்டர்நெட் வழியாக மற்ற இரண்டுக்கும் தானாகப் போய்ச் சேரும். ஒன்று எரிந்துபோனாலும் மற்றதில் எல்லாம் பத்திரமாக இருக்கும். பெரிய கம்பெனிக்கு மாதாமாதம் வாடகை கட்டமுடியாத கடைக்காரர்களுக்கு இது போதும். ஒரே ஒரு நிபந்தனை, மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது.

முதல் பெட்டி பாகூரில் சாமிநாதனின் உரக்கடையில். நிலபுலன் உள்ள மனிதர், ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். இரண்டாவது வில்லியனூரில், அவருடைய அக்காள் மகன் முத்துக்குமரனின் போட்டோ ஸ்டுடியோவில். மூன்றாவது இவள் வீட்டுப் பலகையில். இந்த இரண்டு கடையில் பெயர் வாங்கிவிட்டால் மற்ற கடைகளும் வரும், சொந்தக்காலில் நின்றுவிடலாம் என்று நம்பி ரிப்பேர் கடை வேலையையும் விட்டிருந்தாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது, ஆயுத பூஜை வரும்வரைக்கும். சாமிநாதன் குடும்பத்தில் டிராக்டர், மருந்தடிக்கிற மெஷின், கேமரா எதுவானாலும் அன்றைக்கு அவர் கடைக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும்.

"இன்னாம்மா ஜோஸ்பினு, நீங்க வேதக்காரங்க. உன் வூட்ல இருக்கற பொட்டிக்குப் பொட்டு வெக்கமாட்ட. முத்துக்குமரனும் அவன் பொட்டிய எடுத்தாறான், நீயும் எடுத்தாந்துடு, ஒண்ணா வெச்சிப் படைச்சிடலாம்" என்றார்.

எடுத்துக்கொண்டு போனாள். மூன்று பெட்டிக்கும் சந்தனம் பூசினார்கள். காற்றுப் போகிற ஓட்டையை அடைத்திருந்த சந்தனத்தை யாரும் பார்க்காதபோது துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

மறுநாள் எடுக்கப் போனால், பெட்டிகள் மூன்றும் கல்லாவுக்குப் பக்கத்தில் சாமி படத்தின் கீழே குடியேறியிருந்தன.

"இருக்கட்டும்மா, கண்ணெதிர்க்க இருக்குது."

"ஐயா, ஒரே எடத்துல இருந்தா, ஒண்ணுக்கு ஆவுறது மூணுக்கும் ஆயிடும். ஒண்ணாவது வெளிய இருக்கணும்."

"கடையில இன்னா ஆவப்போவுது? லைட்டு மூணும் பச்சையாத்தான எரியுது?"

வெளியே வந்ததும் முத்துக்குமரன் பக்கத்தில் வந்து முனகினான். "தப்பா எடுத்துக்காதக்கா. நம்ம வூட்டுக் கல்யாண வீடியோ எல்லாம் உங்க தெருவுல கெடக்குதேன்னு மாமாவுக்கு ஒரு மாதிரியா இருக்குது."

"உன் பொட்டியையாவது கடைக்கு எடுத்துனு போயேன்."

"மாமா சொன்னப்புறம் எப்டிக்கா?"

அவள் கையால் செய்த பெட்டிக்கு சாமி படத்தடியில் இடம் உண்டாம். அதே பெட்டி அவள் வீட்டில் இருந்தால் ஆகாதாம். இந்த இரண்டு கடையும் போனால் எல்லாம் போச்சே என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

கார்த்திகையில் புயல் மழை. தென்பெண்ணை கரைமீறி பாகூர் கடைத்தெருவுக்குள் புகுந்தது. உரக்கடையில் யூரியா கரைந்த சேற்றுக்குள்ளிருந்து பெட்டிகளைத் தோண்டி எடுத்தார்கள். ஜோஸ்பின் கழுவிப் பார்த்தாள், காயவைத்துப் பார்த்தாள், சென்னைக்கு அனுப்பியும் பார்த்தாள். உள்ளே இருந்த ஒரு ஃபைலும் திரும்பக் கிடைக்கவில்லை. பெட்டியில்தான் இருக்கிறதே என்று முத்துக்குமரன் தன் கம்ப்யூட்டரில் பழைய வீடியோக்களை அழித்துவிட்டிருந்தான்.

"அவ பொட்டிய நம்பி மோசம் போனேன்" என்று சாமிநாதன் கடைத்தெரு முழுக்கச் சொன்னார். சேர்வதாக இருந்த பேக்கரிக்காரரும் ஸ்கேன் சென்டர்காரரும் அவளைக் கண்டால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். பழைய ரிப்பேர் கடைக்கே திரும்பிப்போய் நின்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து உலை வைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் சாமிநாதன் நின்றார். காலனிக்குள் அவர் கால் வைத்தது அதுவே முதல் தடவை.

"எம் பொண்ணு இளவரசி கல்யாண வீடியோம்மா" என்றார். "அதுலதான் எங்க கஸ்தூரி பேசுறா, சிரிக்கிறா. போய்ச் சேர்றதுக்கு முன்னால எடுத்தது அது ஒண்ணுதான். நீ படிச்ச பொண்ணு, உன் வூட்ல ஒரு காப்பி வெச்சிருப்பியே?"

அவர் மனைவிக்காக அவளுக்கும் மனம் கசிந்தது. ஆனாலும் கசப்புதான் முந்திக்கொண்டது. தலையைத் தூக்கிக் கதவு நிலைக்கு மேலே காட்டினாள்.

"இருந்துச்சிங்க ஐயா, அந்தப் பலகையில. இந்த வூட்டுலயும் முட்டி அளவுக்குத் தண்ணி வந்துச்சி. அதுவரைக்கும் ஏறல."

அவர் அந்த வெறும் பலகையையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே வாங்க என்று அவள் சொல்லவில்லை.