மருந்துக் கவரில் பாதி வரி

குழாய் வேலை செய்யும் அவருக்குச் சபையில் ‘பத்து நிமிஷம்’ என்று பெயர். வாலிபர் கூட்டத்தில் யாரோ வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. கேலி பாதி, மரியாதை பாதி. ஆயரின் பிரசங்கம் முக்கால் மணி நேரத்தைத் தாண்டும்போது பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம், இன்றைக்குப் பத்து நிமிஷத்தை மேடை ஏற்றியிருக்கலாம் என்று முணுமுணுப்பார்.

பகலில் அவருக்கு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்புப் பிரிவில் வேலை. நான்கு மணிக்கு முடிந்துவிடும். அதன்பின் திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு வீடு. நடமாட முடியாமல், ஞாயிறு ஆராதனைக்கும் வர முடியாமல் வீட்டோடு இருப்பவர்களின் வீடு. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கருவிப்பையோடு உள்ளே போவார். எது சொட்டுகிறது, எது அடைத்திருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்வார். சரிசெய்த குழாயிலேயே கை கழுவிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வேதத்தில் ஒரு சின்னப் பகுதி வாசித்து ஜெபிப்பார். வாசிப்பும் ஜெபமும் சேர்ந்து பத்து நிமிடம். அதற்கு மேல் உட்கார்ந்தால் படுத்திருப்பவர் எழுந்து நம்மை உபசரிக்க வேண்டியதாகிவிடும் என்பார்.

பதினோரு வருடம் இப்படியே போனது. ஜெபத்தில் அவர் சொல்லும் விஷயங்கள்தான் எல்லோரையும் வியக்க வைத்தன. தையற்காரரின் தாய் மகனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பதை இவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. ஆனாலும் இவர், அந்த மகனின் பெயரைக்கூட எடுக்காமல், பேச முடியாமல் போன வார்த்தைகளுக்காக என்று ஜெபித்தார். அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். சொல்லாமலே தெரிந்துகொள்கிறார் என்று பேச்சு பரவியது. சபையின் வருடாந்தரக் கூட்டத்தில் ஆயர், இது ஆவியானவர் கொடுத்த வரம் என்று அவரை எழுந்து நிற்கச் சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பக்கத்தில் மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வெடித்தது.

“ஆவியானவரு மருந்துக் கடையிலயா வேலை பாக்குறாரு?”

மருந்துக் கடையில் வேலை பார்த்தவள் அவள். யார் வீட்டில் எந்த மாத்திரை கூடியது, எது நின்றது என்று தெரியும். அது போதாமல் காலையில் அவருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டே, அன்று அவர் போகப்போகும் வீட்டுக்கு போன் போடுவாள். கேட்டதைச் சின்ன மருந்துக் கவரின் பின்பக்கம் எழுதி, சாப்பாட்டு டப்பாவின் மூடிக்குள் வைத்துவிடுவாள். ‘திங்கள். தையற்காரர் அம்மா. இடது காதுப் பக்கம் உட்காருங்கள். மகனைப் பற்றிக் கேட்க வேண்டாம், ஜெபத்தில் மட்டும்.’ மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவர் அதைப் படிப்பார். நான்கு மணி வரை மனதில் ஓட்டிக்கொண்டே இருப்பார்.

அன்று கூட்டத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனைவிக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. அவருக்குத்தான் அது செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி எப்போதாவது உறுத்தும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு உள்ளே வந்தவர், அவள் சமையலறைத் தரையில் கிடப்பதைப் பார்த்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விழும்போதே முடிந்துவிட்டதாம்.

அடக்கம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, சமையல் மேடையில் டப்பாவின் மூடிக்கு அடியில் கவர் இருப்பதைக் கண்டார். பேனாவும் மூடாமல் அங்கேயே கிடந்தது. ‘செவ்வாய். ஆப்பரேட்டர் அக்கா.’ அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான். அதை மடித்து, பையில் வாஷர்கள் போட்டு வைக்கும் தகர டப்பாவுக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் அவர் மறுபடி வீடுகளுக்குப் போனார். குழாய்கள் சொன்னபடி கேட்டன, ஜெபம் கேட்கவில்லை. எல்லோருக்கும் பொதுவாக நாலு வார்த்தைதான் வந்தது. வேறு வழி தெரியாமல், அவள் டிராயரில் சேர்த்து வைத்திருந்த பழைய கவர்களை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரின் வீடு. கவரில் ‘கண் ஆபரேஷன், பயப்படுகிறார்’ என்று இருந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டு, மருத்துவரின் கையை ஆண்டவர் தாங்க வேண்டும், தையல் பிரியாமல் இருக்க வேண்டும் என்று உருகி ஜெபித்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் தொண்டையைச் செருமினார்.

“ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு மாசம் ஆச்சுங்க. கண்ணு நல்லாத் தெரியுது. உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

ஓட்டுநர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அடுத்த நாளே இவர் ஆயரிடம் போய், ஐந்து வீடுகளையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார். ஏதாவது பழுதானால் சொல்லி அனுப்புங்கள், போகிறேன். ஜெபத்துக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம். ஆயர் ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம், அதன்பின் வேறு ஆளைப் போடுகிறேன் என்றார்.

அந்த ஒரு மாதத்தில் ஆப்பரேட்டர் அக்காவின் வீட்டிலிருந்து மட்டும் மூன்று முறை அழைப்பு வந்தது. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் அக்கா. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே மட்டும் நடமாட்டம். முதல் முறை கழிப்பறைத் தொட்டி, இரண்டாம் முறை பாத்திரம் கழுவும் தொட்டி. இரண்டு முறையும் வேலையை முடித்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் கை கழுவவில்லை என்பதை அக்கா கவனித்தார். கை கழுவாவிட்டால் உட்காரப் போவதில்லை என்று அர்த்தம்.

மூன்றாம் முறை, மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது, சமையலறைக் குழாய் மூடினாலும் நிற்காமல் ஓடுகிறது என்று அழைப்பு. மெயின் வால்வை அடைத்துவிட்டுக் குழாயைப் பார்த்தார். நட்டின் மேல் இடுக்கியின் பல் பதிந்திருந்தது. துணி சுற்றாமல் எந்த நட்டையும் அவர் திருகியதில்லை. கழற்றிப் பார்த்தால், போன வருடம் அவரே போட்ட வாஷரைக் காணோம்.

“சோப்பு டப்பாவுல பாரு தம்பி,” என்றார் அக்கா ஜன்னலோரத்திலிருந்து.

அங்கே அது சமர்த்தாக இருந்தது.

“நீங்களாக்கா கழட்டினீங்க?”

“எனக்கு ஏது கையில பலம்? வேலைக்கு வர்ற பொண்ணு கழட்டினா. போன தடவ தொட்டியில துணிய அடைச்சதும் அவதான். நீ எதுவும் கேக்காம சரிபண்ணிட்டுப் போயிட்ட. உனக்கெல்லாம் இன்னும் பெரிசா எதையாவது ஒடச்சாத்தான் புரியும்.”

அவருக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. வாஷரைப் போட்டு, துணியைச் சுற்றி நட்டை முறுக்கினார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசுவது எளிதாக இருந்தது.

“எனக்கு ஜெபம் வரலக்கா. எப்பவுமே வந்ததில்ல. அவதான் எழுதிக் குடுப்பா. நான் படிச்சதச் சொல்லுவேன். வரமும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“முப்பது வருஷம் லைன் குடுத்தவ நான். யாருக்கு யாரு லைன் குடுத்தாங்கன்னு எனக்கா தெரியாது? ஒவ்வொரு செவ்வாயும் ஏழு மணிக்கு போன் வரும். ‘அக்கா, இன்னைக்கு என்ன?’ அப்படிம்பா. வேற பேச்சே கிடையாது.”

அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டார். குரல் இறங்கியது.

“அன்னைக்கும் பண்ணினா. நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருந்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. லைன் போயிடுச்சுன்னு வெச்சுட்டேன். நான் கத்தியிருக்கணும். யாரையாவது கூப்பிட்டிருக்கணும். இத உன்கிட்டச் சொல்லாம எனக்குச் சாப்பாடு எறங்கல தம்பி.”

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கவரில் இருந்த அந்தக் கோடு எங்கே நின்றது என்று இப்போது தெரிந்தது. மெயின் வால்வைத் திறந்துவிட்டு வந்து, குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, நகக்கண் வரை கை கழுவினார். நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் எதிரில் உட்கார்ந்தார்.

“நான் வாசல்லதான்க்கா இருந்தேன். பத்தடி தூரம். எனக்கே ஒண்ணும் கேக்கல. விழும்போதே போயிட்டான்னு டாக்டர் சொன்னாரு. நீங்க போன வெச்சதால எதுவும் ஆகல.”

அக்கா தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் கை வாக்கரை விட்டு மடிக்கு வந்தது.

இதுவரை அந்த வீட்டில் அவர் எதையும் கேட்டதில்லை, தெரிந்துகொண்டுதான் வருவார். இப்போது கையில் எதுவும் இல்லை.

“அன்னைக்கு அவகிட்ட என்ன சொல்லிக்கிட்டு இருந்தீங்க? இன்னைக்கு என்னக்கா?”

பெரிய விஷயம் இல்லை என்றார் அக்கா. இருட்டில் கழிப்பறைக்குப் போகப் பயம். சாவுக்குப் பயமில்லை, ஈரத்தில் வழுக்கி விழுந்து விடியும்வரை தனியாகக் கிடப்போமோ என்றுதான். இதற்கெல்லாம் ஜெபமா என்று வெட்கப்பட்டுக்கொண்டேதான் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

“அப்புறம், மூணு மாசமா உனக்காக ஜெபம் பண்ணி எனக்கு அலுத்துப்போச்சு. அந்த வேலைய இனிமே நீயே பாத்துக்கோ.”

அவர் கண்ணை மூடினார். ஜெபம் நன்றாக அமையவில்லை. நடுவில் இரண்டு முறை நின்றது. அக்காவின் கால்களுக்காகவும், ஈரத் தரைக்காகவும், பாதியில் நின்றுபோன அந்தப் போனுக்காகவும், கூட்டத்தில் தான் வாய்திறக்காமல் நின்றதற்காகவும் தோன்றிய வரிசையில் சொன்னார். முடித்தபோது அக்கா ஆமென் சொல்லிவிட்டு, குழாய் சொட்டுகிறதா பார் என்றார். சொட்டவில்லை.

வெளியே வந்து தகர டப்பாவைத் திறந்து கவரை எடுத்தார். சைக்கிள் சீட்டின் மேல் வைத்து, அவள் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் எழுதினார்: ‘இருட்டில் கழிப்பறைக்குப் போகப் பயம். கைப்பிடி வேண்டும்.’ அவருடைய எழுத்து அவளுடையதைவிடப் பெரியது. மூலையில் மடங்கித்தான் முடிந்தது. மறுநாள் ஒன்றரை அடி இரும்புக் குழாயும் இரண்டு கிளாம்பும் கொண்டுபோய்க் கழிப்பறைச் சுவரில் முடுக்கி, தன் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தார்.

ஆயரிடம் வேறு ஆள் வேண்டாம் என்று சொன்னார். மருந்துக் கவர்களைப் பற்றியும் சொன்னார். ஆயர் அடுத்த ஞாயிறு அதை அறிவிப்பில் சேர்த்துச் சொன்னபோது சபையில் பலர் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இப்போது ஒவ்வொரு வீட்டிலும் கை கழுவிய பிறகு, இன்றைக்கு என்ன என்று கேட்கிறார். கேட்டால் சொல்கிறார்கள், சொல்ல ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. தையற்காரரின் தாய்க்கு இடது காதுப் பக்கம் போய் இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கிறது. ஓட்டுநர் ஜெபத்தின்போது இன்னும் கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறார். ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் ஆகிறது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.