தண்ணீர் குடித்த மழைக்கோட்டு

துணி விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள்தான் நான். ஆனால் பனியன் துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் போதும், சலவையில் யார் அவசரப்பட்டு அரை வேக்காட்டில் எடுத்தார்கள் என்பதைச் சொல்லிவிடுவேன். பெரிய படிப்புப் படித்த பையன்கள் மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டுவார்கள். இரண்டு தையல் மெஷினோடு ஆரம்பித்தவள், இன்றைக்கு ஒரு தெருவின் இரண்டு பக்கமும் என் கம்பெனிதான். இதை ஊரும் சொல்லும், நானும் சொல்வேன். சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

ஒன்றே ஒன்றைத்தான் யாரிடமும் சொன்னதில்லை.

போன மழைக்கு என் மகன் தொப்பலாக நனைந்து வந்தான். நல்ல விலை கொடுத்து வாங்கிய ரெயின் ஜாக்கெட். மருமகள் அதை வாஷிங் மெஷினில் போட்டு, வாசனை திரவம் ஊற்றித் துவைத்திருக்கிறாள். "கடைக்காரன் ஏமாத்திட்டானுங்க அத்தே" என்று திட்டிக்கொண்டிருந்தாள். நான் அதன் கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். உடனே உள்ளே போய்விட்டது. மோந்து பார்த்தேன். "கடைக்காரனைத் திட்டாதே கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

எண்பதுகளின் ஆரம்பம் அது. எனக்குப் பதினொரு வயது. அப்பாவுக்குச் சலவைப்பட்டறையில் வேலை. பின்னல் மெஷினிலிருந்து வரும் பனியன் துணி பழுப்பாக இருக்கும். பஞ்சில் இயற்கையாகவே ஒரு மெழுகு உண்டு, அதனால் தண்ணீர் பட்டால் ஒட்டாது. காஸ்டிக்கும் சோப்பாயிலும் போட்டுக் கொதிக்க வைத்தால்தான் துணி தண்ணீர் குடிக்கும், தண்ணீர் குடித்தால்தான் வெள்ளை பிடிக்கும். சோப்பாயில் என்பது ஆமணக்கு வாசம் அடிக்கும் மஞ்சள் எண்ணெய். அப்பாவின் சட்டை, தலைமுடி, அவர் படுக்கும் பாய் எல்லாவற்றிலும் அந்த வாசம்தான்.

நான் தினமும் மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டு போவேன். போன இடத்தில் சும்மா இருப்பேனா? தொட்டியிலிருந்து எடுத்துக் காயவைத்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். சொட்டு சட்டென்று உள்ளே போனால் துணி தேறியது. முத்து மாதிரி மேலேயே நின்றால் தேறவில்லை, மறுபடியும் தொட்டிக்குள் போகவேண்டும். மேஸ்திரி அந்த வேலையை என்னிடம் விட்டுவிட்டார். "அம்மிணி சொட்டு வெச்சாச்சுன்னா நாம பாக்க வேண்டியதில்லீங்க" என்பார். பள்ளிக்கூடத்தில் ஒரு பரிசும் வாங்காத எனக்கு அது தங்க மெடல். வீட்டில் அம்மா துவைக்கும் சேலைக்கெல்லாம்கூட சொட்டு வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் வீட்டில் தேறாத ஆள் ஒருவர் இருந்தார். சித்தப்பா. தையல் கடையில் நாலு மாதம், சோடா கம்பெனியில் இரண்டு மாதம், பிறகு கொஞ்ச நாள் ஒன்றுமே இல்லை. முப்பது வயதாகியும் பெண் அமையவில்லை. அந்த வருடம்தான் பல்லடத்தில் ஒரு லாரி ஷெட்டில், தார்ப்பாய்க்கு மெழுகு பூசும் வேலையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். ஒரு தகர டப்பா, இரண்டு பிரஷ், மெழுகுக் கட்டிகள். ஐப்பசி மழைக்கு ஒழுகும் தார்ப்பாய், கித்தான் பை, மழைக்கோட்டு எல்லாம் அவரிடம் வர ஆரம்பித்தன. அப்பா அதை வேலை என்று ஒப்புக்கொள்ளவில்லை. "மெழுகுவத்தி யாவாரம்" என்பார்.

அப்போதுதான் உடுமலையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா தேங்காய் வியாபாரி. தோப்புத் தோப்பாக மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறவர். பெண்ணின் ஜாதக நோட்டை அப்பா வாங்கி வைத்திருந்தார், இரண்டு ஜாதகமும் பொருந்திவிட்டது. எங்கள் வீடு வாசல் எப்படி என்று பார்த்துவிட்டுப் போக, ஒரு செவ்வாய்க்கிழமை கொட்டும் மழையில் வந்து இறங்கினார். பட்டாளத்துப் பச்சையில் கனமான கித்தான் கோட்டுப் போட்டிருந்தார். கழற்றினால் உள்ளே சட்டையும் ஈரம்.

"நீ வாயே தொறக்கப்படாது" என்று சித்தப்பாவுக்கு அப்பா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். பாவம், அவரும் முயன்று பார்த்தார். ஆனால் வீட்டுக்கு வந்த ஒறம்பரை முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஆணியில் தொங்கிய கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி வந்ததும் தாங்க முடியவில்லை.

"மாமா, இதுல மெழுகு செத்துப் போச்சுங்க."

அப்பா பல்லைக் கடித்தார்.

உடுமலைக்காரர் சிரித்துவிட்டார். "எனக்குத் தெரியாமயே செத்துப் போச்சுங்களா? கருமாதிக்குக்கூடச் சொல்லலியே!"

"உட்டுட்டுப் போங்க மாமா. வெள்ளிக்கெழம வந்து வாங்கிக்குங்க. அப்பறம் ஒரு சொட்டு உள்ள எறங்குனா என்னைக் கேளுங்க."

"எறங்கலீன்னா?"

"நீங்களே சொல்லுங்க."

"எறங்கலீன்னா பொண்ணு உங்களுக்குத்தானுங்க மாப்பிள்ளை!"

எல்லாரும் சிரித்தார்கள். விளையாட்டுப் பேச்சுதான். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. காது சிவந்துபோய் கோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மழை விட்டிருந்ததால் உடுமலைக்காரர் அப்படியே கிளம்பினார்.

அன்றைக்கு மாலையும் மறுநாள் முழுவதும் சித்தப்பா அந்தக் கோட்டை விட்டு நகரவில்லை. சேற்றைக் காயவிட்டுப் பிரஷால் தட்டினார். பச்சைத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தார். நான் உதவியாகச் சோப்பை எடுத்துக்கொண்டு போனேன். பாம்பைக் கண்டவர் மாதிரிப் பதறினார்.

"சோப்பு ஆகாது அம்மிணி. இருக்கற மெழுகும் போயிரும்."

"சோப்பு போடாம அழுக்கு எப்புடிங்க சித்தப்பா போவும்?"

"இதுக்கு அழுக்கு போனாப் போதும், பளபளப்பு வேண்டியதில்ல."

சலவைப்பட்டறைக்காரர் மகளிடம் சொல்கிற பேச்சா இது? எனக்குச் சிரிப்பாக வந்தது. அவர் தேன்மெழுகையும் மெழுகுவத்தித் துண்டுகளையும் கொஞ்சம் டர்பன்டைனோடு உருக்கி, சூடு ஆறுவதற்குள் பூசினார். தையல் ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் அடைத்தார். மேலே பழைய பேப்பரைப் போட்டு, கரி இஸ்திரிப்பெட்டியை லேசாக ஓட்டினார். கடைசியில் தோளின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சொட்டு உருண்டு, கை வழியாக ஓடி, தரையில் விழுந்தது. "பாத்தியா அம்மிணி! வாத்து முதுகாட்டம்!" என்று குதித்தார்.

நான் பார்த்தேன். எங்கள் பட்டறைச் சட்டப்படி அது தேறாத துணி.

மழைக்கோட்டுக்குள் தண்ணீர் போகக்கூடாது என்பது தெரியாத அளவுக்கு நான் மண்டு அல்ல. அவ்வளவு கனமான துணிக்குள் மழை எப்படி இறங்கும், கனம்தானே காக்கிறது என்பது என் எண்ணம். மெழுகு எல்லாம் சித்தப்பாவின் வெட்டி வேலை. கோட்டு வேறு மங்கலாக, திட்டுத் திட்டாக, டர்பன்டைன் நாற்றத்தோடு தொங்கியது. இதைப் பார்த்துவிட்டா அந்த ஆள் பெண் கொடுப்பார்? சித்தப்பா கல்யாணத்தை நான்தான் நடத்திவைக்க வேண்டும் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். சித்தப்பா பல்லடம் போயிருந்தார். அண்டாவில் வெந்நீர் வைத்தேன். அப்பா சட்டைக்கென்று அம்மா வைத்திருந்த பாட்டிலிலிருந்து சோப்பாயிலைத் தாராளமாக ஊற்றினேன். சோடாவும் போட்டேன். கோட்டை அமுக்கி ஊறவைத்து, துவைக்கும் கல்லில் போட்டு, தேங்காய் நாரால் ஒரு இடம் பாக்கியில்லாமல் தேய்த்தேன். பிறகு வந்து பார்த்தால் ஆறிய தண்ணீரின் மேல் வெள்ளை வெள்ளையாக ஆடை மிதக்கிறது. கல்லெல்லாம் வெள்ளைப் படலம். இவ்வளவு அழுக்கா! நான் மட்டும் இல்லையென்றால் இந்த வீட்டின் மானம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நல்லவேளையாக அன்று சுள்ளென்று வெயில் அடித்தது. சாயங்காலத்துக்குள் கோட்டு காய்ந்து, புதுத் தழை மாதிரிப் பச்சையாக இருந்தது. சொட்டு வைத்தேன். சட்டென்று உள்ளே போனது. தேறியது! மடித்து, பெட்டிமேல் வைத்தேன். உடனே சொல்லிவிட்டால் சித்தப்பா மறுபடி மெழுகைத் தூக்கிக்கொண்டு வருவார். எல்லாரும் பாராட்டும்போது, இது என் வேலை என்று சபையில் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். சித்தப்பா அன்று ராத்திரி ஷெட்டிலேயே தங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் உடுமலைக்காரர் வந்தார். பெண்ணின் ஜாதக நோட்டை அப்பா அவரிடம் திருப்பிக் கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் முகூர்த்தம் குறிக்க வேண்டும். அவர் கோட்டை விரித்துப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"ஏனுங்க, புதுசாட்டம் இருக்குதுங்களே! மாப்பிள்ளை கையில வித்தை இருக்குதுங்க."

மாப்பிள்ளை கையா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். "பெரியவங்க பேசறப்ப என்ன? போயி காப்பி கொண்டா" என்று அம்மா என்னை விரட்டிவிட்டாள். காப்பியோடு வருவதற்குள் அவர் கோட்டை மாட்டிக்கொண்டு, ஜாதக நோட்டை உள்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். என் பெருமை எனக்குள்ளேயே நின்றது. தாராபுரம் ரோட்டுப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை அவர் பஸ்ஸில் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே மஞ்சள் பையிலிருந்து கோட்டை எடுத்துத் தரையில் போட்டார். அதன்மேல் நோட்டை வைத்தார். கட்டங்கள் இருந்த பக்கத்தில் நீல மைக் கறைதான் இருந்தது.

"கோட்டு போனாப் போவுதுங்க" என்றார். "எம்புள்ள ஜாதகம் கரைஞ்சு போச்சுங்களே. முகூர்த்தம் குறிக்கப் போறப்ப இப்புடி ஆனா, எந்த மனசோட நான் பொண்ணு குடுப்பேன்?"

அப்பா அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். பிறகு சித்தப்பா பக்கம் திரும்பினார். "ஒரு கோட்டுக்கு மெழுகு பூசத் தெரியல. நீயெல்லாம் ஒரு குடும்பத்த எப்புடிடா காப்பாத்துவ?"

சித்தப்பா கீழே உட்கார்ந்து கோட்டைத் தொட்டார். சொம்பிலிருந்து ஒரு சொட்டு விட்டார். சட்டென்று உள்ளே போனது. அந்த ஒரு சொட்டில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சித்தப்பா கோட்டை முகத்தருகே கொண்டுபோய் மோந்தார். அப்பாவுக்கு அந்தச் சோப்பாயில் வாசம் தெரிய வழியில்லை. அவர் மேலேயே அதுதான் அடித்தது. சித்தப்பா மெதுவாக நிமிர்ந்தார். அவர் கண் அப்பாவைத் தாண்டி, கதவு மறைவில் நின்ற என் பாவாடை வரைக்கும் வந்து, திரும்பிப் போய்விட்டது.

"டர்பன்டைன் பத்தாமப் போச்சுங்க மாமா" என்றார். "என்ற தப்புதானுங்க."

நான் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டேன். டர்பன்டைன்தான் பத்தவில்லை! அவரே சொல்கிறாரே, எனக்கு என்ன தெரியும்? நான் துவைத்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அன்று முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு பேரைப் பார்த்தால் நாற்பது பெருமை பேசுகிற என் வாய்க்கு, அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

இனி யாரும் அவரிடம் கோட்டோ தார்ப்பாயோ கொடுக்க மாட்டார்கள். ஜாதகத்தையே கரைத்த கை என்று அன்றைக்கே பெயராகிவிட்டது. பெண் தரவும் யாரும் வரமாட்டார்கள். மறுநாளே அவர் லாரியோடு மங்களூர்ப் பக்கம் போய், அங்கேயே தங்கிவிட்டார். என் கல்யாணத்துக்கு வந்தார், தனியாக. பந்தியில் பாயசம் வைத்துக்கொண்டே, இன்று சொல்லிவிடுவது என்று அவர் எதிரில் நின்றேன். அவர் என்னை அண்ணாந்து பார்த்து, "ஏம்மிணி, சொந்தமா மெஷின் போடப்போறியாமா?" என்றார். நான் மெஷினைப் பற்றிப் பெருமையடிக்க ஆரம்பித்துவிட்டேன். அடுத்த இலைக்காரர் பாயசம் கேட்கும்வரை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கடிதம்தான் வந்தது.

அவர் வீட்டை விட்டுக் கிளம்பிய காலையை மட்டும் சொல்லிவிடுகிறேன். உடுமலைக்காரர் வந்துபோனதற்கு மறுநாள். விடிந்தும் விடியாததுமாக நான் பின்வாசலுக்கு வந்தேன். சித்தப்பா துவைக்கும் கல்லின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கல்லில் ஒட்டியிருந்த வெள்ளைப் படலத்தைக் கொட்டாங்குச்சியால் சுரண்டுவதும், வெந்நீர் ஊற்றுவதும், விரலால் தடவிப் பார்ப்பதும், மறுபடி சுரண்டுவதுமாக இருந்தார். உள்ளே அப்பா எழுந்து இருமும் சத்தம் கேட்டது. சித்தப்பா இன்னும் வேகமாகச் சுரண்டினார். சுரண்டிய மெழுகையெல்லாம் ஒரு பேப்பரில் மடித்து மடியில் செருகிக்கொண்டார். அப்பா பல் விளக்க வந்தபோது கல் சுத்தமாக இருந்தது.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்குக்கூடக் கல்லைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, இவருக்கு வேறு வேலையே இல்லை என்று நினைத்தேன்.